கோடை விழாவுக்கு வரும் சகோதரிகளே, ஒரு நிமிஷம்!



மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் ஏற்காட்டுக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைத்துவிடும். அண்ணா பூங்காவில் மலர்களால் செய்த உருவங்கள், அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள், ஏரியில் படகுகள் என்று வண்ணப் படங்கள் வரும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ‘நம்ம மலை பேப்பர்ல வந்திருக்கு பாரு’ என்று இங்கே கரடியூரில் வீட்டுக்கு வீடு கைமாறும். ஆனால், அதே மே மாதத்தில் அதே மலையில் நடக்கிற மற்ற சங்கதிகளையும் யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பெண்கள் விரும்பிப் படிக்கும் பக்கம் ஆயிற்றே, நாமே எழுதினால் என்ன என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘யாரும் வராதீங்க’ என்று சொல்ல இந்தக் கடிதம் இல்லை. தாராளமாக வாருங்கள். மே மாத வருமானத்தை நம்பி இங்கே எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. வேக வைத்த சோளம் விற்பவர், மிளகு, காபித்தூள், பலாச்சுளை, பட்டர் ஃப்ரூட் விற்பவர் என்று பலருக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் இந்த ஒரு மாதத்தில்தான் சேர வேண்டும். வருகிறவர்கள் எங்களையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. அவ்வளவுதான்.

ஒரே மாதம், இரண்டு திருவிழா

அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் உங்களுக்குத் தெரியும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. 2022-ல் 45-வது விழா நடந்தது. 2025-ல் நடந்தது 48-வது விழா. மலர்க் கண்காட்சி மட்டுமல்ல, கொழு கொழு குழந்தைப் போட்டி, சமையல் போட்டி, படகுப் போட்டி, செல்லப்பிராணிகள் கண்காட்சி என்று நம்மைப் போன்ற பெண்கள் ரசிக்க நிறைய இருக்கும். வெயிலில் வெந்துபோன சேலத்து ஜனங்களுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி, சின்ன செலவில் ஒரு குளிர்ச்சி.

இன்னொரு திருவிழா சேர்வராயன் கோவில் திருவிழா. அதுவும் மே மாதத்தில்தான் வருகிறது. மலை உச்சியில், 5,326 அடி உயரத்தில், மேஜை போட்டது போல் சமதளமாக ஒரு வெளி இருக்கிறது. அங்கே குனிந்து போகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். இந்த மலைத்தொடருக்கே அந்தச் சாமியின் பெயர்தான். அந்தக் குகை காவேரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்பது எங்கள் பாட்டிமார் நம்பிக்கை. திருவிழாவன்று சுற்றுவட்டாரத்து மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கேதான். கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தே வரும் பெண்களைப் பார்க்கலாம். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கி, சாமி கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தீபாவளி, பொங்கலை விட இதற்குத்தான் புதுச்சேலை எடுப்பேன் என்று சொல்லும் பெண்களும் உண்டு.

இந்த ஜனங்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்து மலையாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்தான். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று இவர்களுக்குள் ஒரு கதை உண்டு. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எல்லாவற்றிலும் இந்த உறவு பரவிக் கிடக்கிறது. அரசாங்கப் பட்டியலில் இவர்கள் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான்.

மலர்க் கண்காட்சிக்கு வந்த ஒரு அம்மா, காபி வாங்கும்போது என்னிடம் கேட்டார்கள். “ஏரி பாத்தாச்சு, பூங்கா பாத்தாச்சு, லேடீஸ் சீட்டும் பாத்தாச்சு. வேற என்னங்க இருக்கு இந்த ஊர்ல?” நான் சேர்வராயன் கோவிலைச் சொன்னேன். “கோவிலா? அதான் எங்க ஊர்லயே இருக்கே” என்று சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இப்படி ஒரு திருவிழா நடப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோடை விழாவுக்கு எழுதும் செய்தியில் இதற்கும் நாலு வரி சேர்த்தால், பல பேர் மேலேயும் ஒரு நடை போய்விட்டு வருவார்கள்.

யாரும் பார்க்காத மலர்க் கண்காட்சி

மே மாதத்து மலர்கள் தொட்டியில் வளர்த்து அடுக்கியவை. இந்த மலை தானாக நடத்தும் மலர்க் கண்காட்சி ஒன்று உண்டு. அது காபிப் பூ.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த மலையின் பிழைப்பு காபியோடு சேர்ந்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், சுமார் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளை வெளேர் என்று பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாள்தான். அப்புறம் வாடிவிடும். அந்தப் பூ பூத்திருக்கும் நாளில் பெருமழை அடித்தால் காய் பிடிக்காது. பூத்து முடிந்தபின் இன்னொரு மழை வராவிட்டாலும் பிஞ்சு நிற்காது. நாம் சமையலில் உப்பு பார்ப்பது போல, மழையின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஜனங்கள் இவர்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. பெரும்பாலும் பெண்கள்தான். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சைக் காய் கலந்தால் காபியின் ருசி கெடும். பனியில் விரல் மரத்துப்போகும். நாம் காலையில் டம்ளரை ஆற்றிக் குடிக்கும் டிகாக்ஷனுக்குள் இந்த விரல்கள் இருக்கின்றன. காபிக்குப் பிறகு மிளகு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் கொடியில், ஏணி போட்டு ஏறிப் பறிக்க வேண்டும். விழுந்தால் இடுப்பு போய்விடும். அதனால் அது பெரும்பாலும் ஆண்கள் வேலை. உதிர்த்துக் காயவைப்பது, புடைப்பது எல்லாம் பெண்கள் பங்கு.

செடி கொடிகளில் ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று எங்கள் மலையின் பெயரையே தாங்கிய ஒரு தாவரமும் உண்டு. பூங்காவில் கூட்டம் நெரிக்கும்போது இங்கே நிம்மதியாக நடக்கலாம்.

மலை எப்போது செய்தி ஆகிறது?

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். கோடை விழாவைத் தவிர, ஏற்காடு எப்போதெல்லாம் பெரிய செய்தியானது?

2013 டிசம்பர் 4-ம் தேதி நடந்த இடைத்தேர்தல் ஒன்று. எம்.எல்.ஏ.வாக இருந்த பெருமாள் காலமானதால் வந்த தேர்தல். அவர் மனைவி சரோஜா 78 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ‘யாருக்கும் ஓட்டு இல்லை’ என்று அழுத்தும் நோட்டா பட்டன் தமிழ்நாட்டில் முதன்முதலாக வந்ததும் அந்தத் தேர்தலில்தான். அமைச்சர்களும் தலைவர்களும் கிராமம் கிராமமாக வந்தார்கள். அந்த ஒரு மாதம் எங்கள் மேடு பள்ளமெல்லாம் டி.வி.யில் தெரிந்தது.

அடுத்தது துக்கச் செய்தி. 2024 ஏப்ரல் 30-ம் தேதி மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் உயிர் போனது. அறுபது பேருக்கு மேல் காயம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். இன்றைக்கும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அதே வருஷம் டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல். மழை என்றால் அப்படி ஒரு மழை. மலைப்பாதையில் பாறையும் மண்ணும் சரிந்து வழி அடைபட்டது. மரங்கள் விழுந்து பல கிராமங்களுக்கு கரண்ட் இல்லை. பால் வரவில்லை, காய்கறி வரவில்லை. இருக்கிற அரிசியையும் பருப்பையும் அக்கம்பக்கம் பங்கிட்டுக்கொண்டோம். அடுப்புக்கு விறகு காய்ந்திருந்த வீட்டில் நாலு வீட்டுச் சமையல் நடந்தது.

கடைசி இரண்டு செய்திகளையும் பாருங்கள். இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரே பொருள், அந்தப் பாதை! சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. உங்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள் வேடிக்கை பார்க்கும் பாதை. எங்களுக்கோ பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பெண் பார்க்கப் போவது, சாவுக்குப் போவது எல்லாமே அந்தப் பாதையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் வலி எடுத்தது. முதல் பிரசவம், பிரஷர் வேறு ஏறியிருந்தது. 108-ல் ஏற்றி இறக்கினார்கள். நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. காரணம், வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு, குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டும் செல்பி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். எதிரே மேலே ஏறும் வண்டிகள் இடம் இல்லாமல் மூக்கோடு மூக்காக நின்றன. சைரன் அலறுகிறது, யாரும் நகர முடியவில்லை.

அப்போது ஒரு காரிலிருந்து ஒரு அம்மா இறங்கினார்களாம். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, முதலில் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, “ஏங்க, உள்ள பிள்ளைத்தாச்சிங்க! முதல்ல நீங்க வண்டியை எடுங்க” என்று சத்தம் போட்டார்களாம். பிறகு ஒவ்வொரு காராகத் தட்டி, பின்னால் போகச் சொல்லி, கால் மணி நேரத்தில் வழி திறந்துவிட்டார்கள். கூடப் போன மாமியார் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். “எந்த ஊர் மகராசியோ, பேரைக்கூடக் கேக்கல கண்ணு” என்று. தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள்.

வழியை அடைத்தவர்களும் சுற்றுலா வந்தவர்கள்தான், திறந்துவிட்ட அந்த அம்மாவும் சுற்றுலா வந்தவர்தான். அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஒரு பெண் இறங்கி நின்றால் பாதை திறக்கிறது.

ஏரியில் போட்டது எங்கே போகிறது?

ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். அந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. படகில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் விட்டால், மழைக்காலத்தில் அது அருவியோடு கீழே போய்ப் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும். அருவியைப் பார்க்க அத்தனை படி இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கடைக்காரர் கொடுக்காவிட்டாலும், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து இங்கே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கரடியூர் காட்சி முனையில் சாயங்காலம் சூரியன் இறங்குவதைப் பார்க்க வருகிறார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பேப்பர் தட்டும், உடைந்த பாட்டிலும் கிடக்கும். அந்தக் கண்ணாடிச் சில்லுதான் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணின் காலில் ஏறுகிறது. காட்டெருமையின் குளம்பிலும் ஏறுகிறது. வலியில் இருக்கும் காட்டெருமை எதிரே வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வரும்போது நினைவில் வைக்க...

நம் வீட்டில் சுற்றுலா என்றால் பை கட்டுவது முதல் பணம் எண்ணி வைப்பது வரை பெண்கள் பொறுப்புத்தானே! அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

* முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் வாருங்கள். பூவும் அதே பூதான், கூட்டம் பாதிதான்.

* அண்மை வருஷங்களில் கோடை விழா நாட்களில் ஒருவழிப் பாதை வைக்கிறார்கள். அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். கிளம்பும் முன் அந்த வருஷத்து ஏற்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* வண்டி ஓட்டுபவருக்கு ஞாபகப்படுத்துங்கள். எந்த கியரில் மலை ஏறுகிறோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடாகி, பிடிக்காமல் போய்விடும். கருகின வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

* கொண்டை ஊசி வளைவில் இறங்கி போட்டோ வேண்டாம். குரங்குக்கு எதுவும் போட வேண்டாம். ரோட்டோரத்தில் தின்னப் பழகிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

* புளிசாதம், தயிர்சாதம் கட்டி வருகிறீர்களா? எவர்சில்வர் டிபன் கேரியரில் கட்டுங்கள். குப்பைக்கென்று ஒரு துணிப்பை வைத்து, சேர்ந்ததைக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

* மிளகு வாங்கினால் நாலு மிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். காபித்தூளைத் தண்ணீரில் தூவினால் காபி மேலே மிதக்கும், சிக்கரி நிறம் விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். சிக்கரி கலப்பது தப்பில்லை. ஆனால் சொல்லி விற்க வேண்டும்.

* தரையில் கூடை வைத்து விற்கும் மலைப் பெண்களிடம் வாங்குங்கள். ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதற்கு முன், அந்தப் பலாவை எவ்வளவு தூரம் தலையில் சுமந்து வந்தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

* சேர்வராயன் கோவில் திருவிழா சமயம் வந்தால், வேடிக்கை பார்ப்பவராக இல்லாமல் சாமி கும்பிடுபவராக வாருங்கள். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கூட நின்று சிரிப்பார்கள்.

* பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், கண்ணாடியை இறக்கி நீங்களே கையைக் காட்டி வழி பண்ணுங்கள். உள்ளே இருப்பது யார் வீட்டுப் பெண்ணோ.

எங்கள் மலைப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை

கிராமத்தில் படித்த பெண்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ‘நம்ம ஊர் சேதியை யாரு படிப்பா?’ என்று இருந்துவிடாதீர்கள். காபி பூத்தது, பஸ் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வந்தார், திருவிழாவுக்குத் தேர் கட்டினார்கள், இத்தனை நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை என்று எதுவாக இருந்தாலும் ஒரு தபால் அட்டையில் எழுதினால்கூடப் போதும். கீழே இருப்பவர்கள் மேலே வந்தால்தான் மலை செய்தியாகும் என்று இருக்கக் கூடாது. ஜூன் முதல் ஏப்ரல் வரைக்கும் இங்கே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், மழை பெய்கிறது. அதுவும் செய்திதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மே மாதம் மலர்க் கண்காட்சிப் படத்துக்குப் பக்கத்தில் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கும் ஒரு படம் போடுங்கள். நவம்பரில் காபிப் பழம் பறிக்கும் பெண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு அழைப்பு. வாருங்கள், பூவைப் பாருங்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் காபியும் குடியுங்கள். சர்க்கரை குறைவாகவா, சரியாகவா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்!

— வாசகி, கரடியூர், ஏற்காடு.